கிளாசிக் ராக் கச்சேரியைக் கேட்கச் செல்பவருக்கு

1960 முதல் 80கள் வரையிலான ராக் இசையைத்தான் கிளாசிக் ராக் என்கிறோம். அந்தக் கச்சேரியில் எங்கே நிற்பது என்பதைத்தான் முதலில் முடிவுசெய்ய வேண்டும். மேடையை ஒட்டி நின்றால் கிட்டார் கலைஞரின் விரல்கள் கம்பியை வளைப்பதுகூடத் தெரியும். ஆனால், டிரம்ஸும் ஆம்ப்ளிஃபயரும் பாடகரின் குரலை அமுக்கிவிடும். ஒலிப்பொறியாளர் தம் காதால் கேட்டே எல்லாவற்றையும் சமன்செய்வதால், அவருடைய ஒலிக்கலவைக் கருவியான மிக்ஸருக்குச் சற்று முன்னால் நிற்பதே என் பரிந்துரை. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், ஒரு நாளில் காது தாங்கும் ஒலிக்கு 85 டெசிபலில் 8 மணி நேரம் என்றும் 100 டெசிபலில் 15 நிமிடம் என்றும் வரம்பு வகுத்திருப்பதால், காதடைப்பான் கட்டாயம் தேவை, பஞ்சு போதாது. இசைக்கலைஞர்களுக்கென்று விற்கப்படும் வகை, டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலின் கூர்மையைப் பெரிதும் மழுங்கடிக்காமல் ஒலியளவைக் குறைக்கும். முதல் பாடலுக்கு முன்பே அதை அணிந்துகொள்ளுங்கள். குழுவினர் விடைபெற்றுச் சென்றாலும், அரங்க விளக்குகள் எரியும்வரை நகராதீர்கள். எல்லோரும் காத்திருந்த பாடல் பெரும்பாலும் அதன் பிறகே வரும்.