அட்லாண்டிக் நெப்டியூன்: பலரும் செய்யும் தவறுகள்

பழைய கடல் வரைபடங்கள்மீது ஆசை வந்தவர்கள் என்றைக்காவது ‘அட்லாண்டிக் நெப்டியூன்’ என்ற பெயரில் வந்து நிற்பார்கள். 1770களிலும் 80களின் தொடக்கத்திலும் பிரிட்டிஷ் கடற்படைக்காக லண்டனில் அச்சான தொகுப்பு இது. நோவா ஸ்கோஷியா, செயின்ட் லாரன்ஸ் வளைகுடா, பாஸ்டன், நியூயார்க் என்று இறங்கி மெக்சிகோ வளைகுடா வரை வட அமெரிக்கக் கிழக்குக் கரையை இவ்வளவு நுணுக்கமாக அதற்கு முன் யாரும் அச்சில் கொண்டுவரவில்லை. வெளியிட்டவர் ஜோசப் ஃபிரெடெரிக் வாலெட் டெபார். வூலிச் ராணுவ அகாடமியில் படித்தவர், 1758இல் பிரெஞ்சுக்காரர்களின் லூயிஸ்பர்க் கோட்டையை பிரிட்டிஷார் முற்றுகையிட்டபோது அங்கே இருந்தவர், 1763க்குப் பிறகு பத்தாண்டு நோவா ஸ்கோஷியாவின் கரையைப் படகிலும் நடையிலுமாக அளந்தவர். நூறு வயதைத் தாண்டி 1824இல் ஹாலிஃபாக்ஸில் இறந்தார்.

இந்தத் தொகுப்பைப் பற்றிப் பேசுகிறவர்களும், ஏலத்தில் இதன் தாள்களைத் தேடுகிறவர்களும், வீட்டில் ஒன்றிரண்டு தாள் வைத்திருப்பவர்களும் திரும்பத் திரும்ப ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள். முக்கால்வாசி தவறுகளுக்கு வேர் ஒன்றே: இதை ஒரு புத்தகம் என்று நினைப்பது.

புத்தகம் என்றால் முதல் பக்கம், கடைசிப் பக்கம், இத்தனை பக்கம் என்று ஒரு கணக்கு இருக்கும். அட்லாண்டிக் நெப்டியூனுக்கு அப்படி ஒரு கணக்கைக் கொடுக்க முடியாது. வரைபடங்களைப் பொறித்த செப்புத் தகடுகள் தயாராகத் தயாராகத் தாள்கள் அச்சாகி வெளியே போயின. எந்தக் கப்பல் எந்தக் கரைக்குப் போகிறதோ அதற்கு வேண்டிய தாள்களைச் சேர்த்துக் கட்டிக்கொடுத்தார்கள். பிறகு தலைப்புப் பக்கங்களோடு பாகங்களாகவும் வந்தன, ஆனால் அவையும் ஒன்றைப் போல ஒன்று இல்லை. இன்று உலகத்தில் இருக்கும் பிரதிகளில் இரண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் தாள்களின் எண்ணிக்கை மாறும், வரிசை மாறும், ஒரே துறைமுகத்தின் வரைபடம்கூட ஒன்றில் பழைய வடிவிலும் மற்றதில் திருத்திய வடிவிலும் இருக்கும். ஆகவே “இந்தப் பிரதியில் சில வரைபடங்கள் குறைகின்றன” என்று யாராவது சொன்னால், எதோடு ஒப்பிட்டுக் குறைகிறது என்று கேளுங்கள். கிழித்து எடுத்ததற்கான தழும்பு தையலில் தெரிந்தால் அது குறைதான். ஆரம்பத்திலேயே சேர்க்காமல் விட்டது குறை ஆகாது, அந்தப் பிரதி யாருக்காகக் கட்டப்பட்டது என்பதற்கான தடயம் அது. இந்த மாறுபாடுகளைச் சேகரிப்பதையே வேலையாகக் கொண்ட ஹென்றி நியூட்டன் ஸ்டீவன்ஸ் என்ற லண்டன் புத்தக வணிகரின் பெரும் சேகரிப்பு இப்போது கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு தாளின் வடிவத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால் ஆராய்ச்சியாளர்கள் முதலில் போய் நிற்கும் இடம் அதுதான்.

இதிலிருந்தே அடுத்த தவறும் வருகிறது, என் மனதுக்கு மிகவும் வலிக்கிற தவறு. கட்டிய தொகுப்பைப் பிரித்துத் தாள் தாளாக விற்பது. பாஸ்டன் துறைமுகத் தாளையும் நியூயார்க் தாளையும் தனித்தனியாக விற்றால் நல்ல காசு கிடைக்கும், சின்னச் சின்ன விரிகுடாக்களின் தாள்கள் மலிவாகப் போகும், மொத்தத்தில் லாபம். மற்ற அட்லஸ்களைப் பிரித்தாலும் இழப்புதான், ஆனால் அவற்றின் உள்ளடக்கம் இன்னொரு பிரதியில் அப்படியே கிடைக்கும். இங்கே ஒவ்வொரு கட்டும் ஒன்றே ஒன்றுதான். எந்தத் தாளுக்குப் பின் எந்தத் தாள், ஓரத்தில் பேனாவால் யார் என்ன குறித்தார், எந்தப் பக்கம் அதிகம் புரட்டி அழுக்கேறியிருக்கிறது, எல்லாம் பிரித்த அன்றே போய்விடும். கையில் முழுத் தொகுப்பு வந்தால், பைண்டிங் எவ்வளவு தளர்ந்திருந்தாலும் சரி, பிரிக்காதீர்கள்.

தாளின் அடியில் இருக்கும் தேதியை அச்சான தேதி என்று எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. அந்தத் தேதி சட்டப்படி வெளியீட்டைக் குறிக்கப் பொறித்தது. தகட்டைப் பிற்பாடு திருத்தியபோது தேதியை அப்படியே விட்டுவிடுவது வழக்கம். அப்படியென்றால் 1776 என்று போட்ட தாள் பல ஆண்டு கழித்து அச்சானதாகவும் இருக்கலாம். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்துக்கொண்டு துறைமுக வாய்ப்பகுதியின் ஆழ எண்களையும் பாறைக் குறிகளையும் மெதுவாகப் பாருங்கள். செப்பில் ஒரு எழுத்தை அழிக்க வேண்டுமானால் அந்த இடத்தைச் சுரண்டி, பின்னாலிருந்து தட்டிச் சமன் செய்து, மெருகேற்றி, அதன் மேல் புதிதாகப் பொறிக்க வேண்டும். எவ்வளவு திறமையாகச் செய்தாலும் பழைய கோட்டின் மெல்லிய சாயல் சில இடங்களில் மிஞ்சும். புதிய எண் கூர்மையாக, கறுப்பாக இருக்கும், சுற்றியிருக்கும் பழைய கோடுகள் தேய்ந்து சாம்பலாக இருக்கும். அந்த வித்தியாசம் கண்ணில் பட்டால் அது திருத்திய வடிவம். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து வாட்டர்மார்க்கையும் பாருங்கள். தாள் ஆலையின் பெயர் காலத்தைக் குறுக்க உதவும்.

எல்லாப் புகழையும் டெபாருக்கே கொடுத்துவிடுவதும் நியாயமில்லை. நோவா ஸ்கோஷியா அவருடைய அளவைதான், சந்தேகமில்லை. ஆனால் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவையும் நியூ இங்கிலாந்துக் கரையையும் அளந்தவர்கள் சாமுவேல் ஹாலண்டும் அவருடைய உதவியாளர்களும். பின்னாளில் பசிபிக் பயணங்களால் பெயர்பெற்ற ஜேம்ஸ் குக்குக்கு லூயிஸ்பர்க்கில் நில அளவை மேசையை (களத்திலேயே வரைபடம் வரையும் பலகை) பழக்கிய அதே ஹாலண்ட். மெக்சிகோ வளைகுடாப் பகுதியில் ஜார்ஜ் கால்டின் உழைப்பு இருக்கிறது. டெபார் லண்டனில் உட்கார்ந்து இவர்களுடைய அளவைகளையும் சேர்த்துப் பொறித்து வெளியிட்டார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்தக் கரையில் ஆளே இல்லாதது போல வரைபடம் காட்டினாலும், நோவா ஸ்கோஷியா மிக்மாக் என்ற பழங்குடி மக்களின் நிலம். தாளில் இருக்கும் ஊர்ப் பெயர்களை அப்படியே இன்றைய வரைபடத்தில் தேடினால் பல கிடைக்காது. பிரிட்டிஷ் பிரபுக்களின் பெயர்களை டெபார் தாராளமாக வைத்தார், அவற்றில் பல நிலைக்கவில்லை. இன்றைய பிரின்ஸ் எட்வர்ட் தீவு இந்தத் தொகுப்பில் செயின்ட் ஜான் தீவு, 1799இல்தான் பெயர் மாறியது. ‘இந்தத் தாள் எந்த இடம் என்றே தெரியவில்லை’ என்று மலிவாகப் போட்டிருக்கும் தாள்கள் பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில் மாட்டியவைதான்.

எண்களைப் படிப்பதில் ஒரு சின்னத் தடுமாற்றம் உண்டு. கடலுக்குள் சிதறிக் கிடக்கும் எண்கள் மீட்டர் அல்ல, ஃபேதம். நம் கரையில் மீனவர்கள் ‘பாகம்’ என்று சொல்கிற அதே இரு கை விரிப்பு அளவு, ஆறு அடி, ஏறக்குறைய 1.83 மீட்டர். அக்காலக் கடல் வரைபடங்களில் கரையோரம் ரோமன் எண் தெரிந்தால் அதைத் தாள் எண் என்று நினைக்காதீர்கள், அமாவாசை பௌர்ணமி நாட்களில் ஓதம், அதாவது கடல் நீர்மட்டத்தின் ஏற்றம், உச்சிக்கு வரும் மணி அது. ஃபண்டி விரிகுடா போல உலகத்திலேயே மிக உயர்ந்த ஓதம் வருகிற கரையில் அந்த மணி தெரியாமல் கப்பலை உள்ளே விட முடியாது.

கடலிலிருந்து பார்த்தால் கரை எப்படித் தெரியும் என்று வரைந்த கரைக் காட்சிப் படங்களை ‘அழகுக்குப் போட்ட ஓவியம்’ என்று ஒதுக்குகிறார்கள், அல்லது அதை மட்டும் வெட்டி ஃபிரேம் போடுகிறார்கள். கடலில் இருந்து வருகிறவன் கண்ணுக்கு முதலில் தெரிவது குன்றின் வடிவமும் மண் சரிவின் நிறமும்தான். சேபிள் தீவு போன்ற இடத்தில் அதுதான் உயிரைக் காக்கும். நோவா ஸ்கோஷியாவுக்குத் தென்கிழக்கே கடல் நடுவே கிடக்கும் வளைந்த மணல் மேடு அது, முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் அங்கே உடைந்திருக்கின்றன. 1766, 1767இல் டெபாரின் ஆட்கள் அதன் மணல் திட்டுகளைச் சுற்றி ஆழம் பார்த்தார்கள். அலை உடைகிற இடத்துக்குப் பக்கத்தில் படகை நிறுத்திக் கயிற்றில் ஈயத்தை இறக்குகிற வேலை அது. அந்தத் தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது. (மணல் நகர்கிற தீவு என்பதால் அந்த ஆழங்கள் இன்றைக்குச் செல்லாது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.)

நிறத்தை நம்பி வாங்கிவிடாதீர்கள். அந்தக் காலத்திலேயே கையால் நிறம் தீட்டிய தாள்கள் உண்டு, விலை ஏறட்டும் என்று போன நூற்றாண்டில் தீட்டியவையும் உண்டு. தாளைத் திருப்பிப் பாருங்கள். செப்பிலிருந்து எடுத்த பழைய பச்சை நாள்போக்கில் தாளை அரித்துப் பழுப்பாக்கும், பின்பக்கத்திலும் அந்தக் கறை தெரியும். முன்னால் பளிச்சென்ற பச்சை, பின்னால் வெள்ளைவெளேர் என்றால் யோசியுங்கள். அப்புறம், 1960களில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் பாரி (Barre) என்ற ஊரிலிருந்து நகல் பதிப்பு ஒன்று வந்தது. நல்ல பதிப்புதான், ஆனால் அதன் தாள்கள் சில நேரம் மூலம் என்ற பெயரில் சுற்றுகின்றன. மூலத் தாளில் செப்புத் தகட்டின் ஓரம் அழுத்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும், மை தாளுக்கு மேலே லேசாகத் தூக்கி நிற்கும். இரண்டுமே இல்லையென்றால் கேள்வி கேளுங்கள்.

தாளைப் பாதுகாக்கும் விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. செலோடேப் வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், ஃபிரேம் கடைக்காரர் சாதாரண அட்டையில் பசை போட்டு ஒட்ட விடாதீர்கள். வெள்ளைக் கையுறையும் தேவையில்லை, துணி இழை கிழிந்த ஓரத்தில் மாட்டும். கழுவித் துடைத்த வெறுங்கையே போதும்.

கடைசியாக, தாள் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்குவது. 2005இல் ஃபோர்ப்ஸ் ஸ்மைலி என்ற வரைபட வணிகர் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் பிடிபட்டார். தரையில் விழுந்த ஒரு பிளேடுதான் காட்டிக்கொடுத்தது. பல நூலகங்களிலிருந்து 97 வரைபடங்களைத் திருடியதாக ஒப்புக்கொண்டார். பழக்கமான, மரியாதையான வணிகரிடம் வாங்குகிறோம் என்றுதான் அவரிடம் வாங்கியவர்கள் நம்பியிருந்தார்கள். ஆகவே முந்தைய உரிமையாளர் யார், எந்த ஏலம், ரசீது எங்கே என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். இடது ஓரம் புதிதாக வெட்டியது போல நேராக இருக்கிறதா, ஒரு மூலை மட்டும் சுரண்டி மெலிந்து நூலக முத்திரையை அழித்த அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் பாஸ்டன் பொது நூலகத்தின் லெவன்தால் வரைபட மையமும் தங்கள் தாள்களைப் பெரிய அளவில் ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருக்கின்றன. பணம் கொடுப்பதற்கு முன் அதே தாளை அங்கே திறந்து, புழு அரித்த ஓட்டைகள், மடிப்புக் கிழிசல், கறை ஒவ்வொன்றையும் வைத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் ஒரே ஓட்டை இருந்தால் வாங்காமல், அந்த நூலகத்துக்கு எழுதுங்கள்.