மேட்டூர் முதல் ஏற்காடு வரை: படகுப் பிரியர்கள் செய்யும் தவறுகள்

சேலம் மாவட்டத்தில் படகு விட மூன்று வகைத் தண்ணீர் இருக்கிறது. மேட்டூர் அணைக்கு மேலே பண்ணவாடி, கோட்டையூர் பக்கம் கடல்போல் விரிந்து கிடக்கும் நீர்த்தேக்கம் ஒன்று. அணைக்குக் கீழே செக்கானூர் தாண்டிப் பூலாம்பட்டி வழியாகப் போகும் காவிரி இன்னொன்று. மூன்றாவது மலைமேல் ஏற்காடு ஏரி. ஞாயிற்றுக்கிழமை பொழுதைப் போக்க வருபவர்கள் மூன்றையும் ஒரே மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். ஏரியில் பழகிய கை ஆற்றிலும் போதும் என்று இறங்குகிறார்கள். பெரும்பாலான தவறுகள் தொடங்கும் இடம் இதுதான்.

நீர்மட்டத்தை மட்டும் பார்த்துக் கிளம்புவது

மேட்டூர் அணையைப் பற்றிச் செய்தியில் தினமும் நான்கு எண்கள் வரும்: நீர்மட்டம், நீர்வரத்து, நீர் வெளியேற்றம், நீர் இருப்பு. பலர் முதல் எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள். நீர்த்தேக்கத்தில் படகு விடுபவருக்கு மட்டமும் வரத்தும் வேண்டும். அணைக்குக் கீழே இறங்குபவருக்கு மட்டத்தால் பயனே இல்லை; அவர் பார்க்க வேண்டியது வெளியேற்றம்.

மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அணை நிரம்பி நிற்கும்போது வருகிற தண்ணீர் அப்படியே வெளியே போக வேண்டும். மின்நிலையங்கள் வழியாகப் போனது போக மீதி பதினாறு கண் மதகில் பாயும். அந்த நாட்களில் மட்டம் 120 அடியிலேயே அசையாமல் நிற்கும், வெளியேற்றமோ காலைக்கும் மாலைக்கும் பல மடங்கு மாறியிருக்கும். ‘மட்டம் மாறவில்லை, நேற்றுபோலத்தான் இருக்கும்’ என்று ஆற்றில் இறங்குவது இதனால்தான் ஆபத்து. வெளியேற்றக் கணக்கில் ஒரு கன அடி என்பது விநாடிக்கு 28.3 லிட்டர். 10,000 கன அடி என்றால் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இருபத்து மூன்றுக்கு மேல் ஒவ்வொரு விநாடியும் உங்களைக் கடந்து போகிறது.

பூலாம்பட்டியில் ஏமாறுவது இன்னும் எளிது. நெரிஞ்சிப்பேட்டைக் கதவணை தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பதால் ஆறு அங்கே குளம்போல் பரந்து நிற்கிறது. ‘குட்டி கேரளா’ என்ற பெயர் வந்ததும், அக்கரைக்குப் படகு ஓடுவதும் அந்தத் தேக்கத்தால்தான். கதவுகளை உயர்த்தினால் மேற்பரப்பு பழையபடியே தெரியும், அடியில் இழுப்பு மட்டும் வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஆகாயத்தாமரையைப் பாருங்கள். கொத்துகள் காற்று போகும் பக்கம் நகர்ந்தால் காற்று தள்ளுகிறது. காற்றுக்கு எதிராக நகர்ந்தால் நீரோட்டம் இழுக்கிறது.

இழுப்பின் வேகத்தை அளக்கக் கருவி தேவையில்லை. கரையோரம் இருபது மீட்டர் தூரத்தை எட்டி வைத்து அளந்து, மேல்முனையில் ஒரு காய்ந்த குச்சியை ஓட்டத்தின் நடுப்பக்கமாக எறியுங்கள். அது இருபது விநாடியில் கீழ்முனையைக் கடந்தால் வேகம் மணிக்கு 3.6 கிலோமீட்டர். புதிதாகத் துடுப்புப் போடுபவர் தொடர்ந்து தள்ளக்கூடிய வேகமும் ஏறக்குறைய அதுதான். எதிர்நீரில் அவர் நின்ற இடத்திலேயே நிற்பார். முப்பது விநாடிக்குள் குச்சி கடந்தால் அன்றைக்குப் படகை இறக்க வேண்டாம். இறங்கும்போது தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டுப் போவதும் நல்லது. கால்மணி நேரத்தில் நான்கு விரல் உயர்ந்திருந்தால் கரையேறிவிடுங்கள்.

கதவணைக்கு அருகே போகவே போகாதீர்கள். மேல்பக்கம் தண்ணீர் கதவுக்கு அடியில் உள்வாங்கும். கீழ்பக்கம் நுரைத்து விழும் தண்ணீர் பின்னோக்கிப் புரண்டு, சிக்கியதை வெளியே விடாமல் சுழற்றும். விநாடிக்கு ஒரு மீட்டர் ஓட்டத்தில், 200 மீட்டர் தொலைவில் இன்ஜின் நின்றால் கையில் இருப்பது மூன்று நிமிடம் சொச்சம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டக்கூட அது போதாது. அரை கிலோமீட்டர் தள்ளியே திரும்பிவிடுங்கள். பராமரிப்புக்காகக் கதவணையை வடித்துவிடும் நாட்களில் பூலாம்பட்டிப் படகுத்துறையே நின்றுபோகும். அப்போது வெளியே தெரியும் பாறைகளைப் போய்ப் பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரம்பிய பிறகு அதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது.

பரிசலைப் படகுபோல் நினைப்பது

பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. மூங்கில் பட்டை பின்னிய வட்டக் கூடை, அதன் மேல் அந்தக் காலத்தில் தோல், இப்போது பிளாஸ்டிக் சாக்கும் தாரும். பக்கவாட்டில் துடுப்புப் போட்டால் அது நின்ற இடத்திலேயே சுற்றும். புதியவர்கள் எல்லோரும் செய்வது இதைத்தான். சுற்றச் சுற்ற இன்னும் வேகமாகப் போடுவார்கள், அது இன்னும் வேகமாகச் சுற்றும். போக வேண்டிய திசையைப் பார்த்து முன்விளிம்பில் மண்டியிட்டு, துடுப்பை எட்டி நட்டுத் தன்பக்கம் இழுக்க வேண்டும். ஒரு இழுப்பு சற்று இடப்பக்கம், அடுத்தது சற்று வலப்பக்கம். அதன்பிறகு பரிசல் சுற்றாமல் முன்னே போகும்.

ஏறும்போது விளிம்பை மிதிக்கக் கூடாது. விளிம்பில் ஒருவர் எடை விழுந்தாலே அந்தப் பக்கம் அமிழ்ந்துவிடும். இன்னொருவர் எதிர்விளிம்பைப் பிடித்திருக்க, காலை நேராக நடுவில் வைத்து இறங்கி, அங்கிருந்து நகர்ந்து உட்காருங்கள். எல்லோரும் வட்டமாக, அடித்தளத்தில், முதுகு விளிம்பில் சாய உட்கார வேண்டும். ஒரே பக்கம் கூடிப் படம் எடுப்பதுதான் பரிசல் கவிழ்வதற்கான நேரான வழி. எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் பரிசல் ஓட்டி சொல்வார், அவரிடம் பேரம் பேசாதீர்கள். அவர் சொன்னதற்கு மேல் உங்கள் கண்ணுக்கும் ஒரு கணக்கு வேண்டும்: எல்லோரும் உட்கார்ந்த பிறகு தண்ணீருக்கும் விளிம்புக்கும் ஒரு சாண் இடைவெளியாவது இருக்க வேண்டும். குதிகால் கூர்மையான செருப்பும் ஆணி அடித்த ஷூவும் கரையிலேயே இருக்கட்டும்.

காற்றின் போக்கில் முதலில் போவது

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நீர்த்தேக்கத்தில் இருப்பவருக்கு வெறும் பேச்சு இல்லை. தடையில்லாமல் நீண்ட தூரம் தண்ணீர்மேல் வரும் காற்று அலையை வளர்த்துக்கொண்டே வரும். கிளம்பும்போது காற்று முதுகில் இருந்தால் சுகமாகப் போய்விடலாம். களைத்த பிறகு அதே காற்றை எதிர்த்துத் திரும்ப வேண்டியிருக்கும். எப்போதும் காற்றை எதிர்த்து முதலில் போங்கள், அதன் போக்கில் திரும்புங்கள். காலை பத்து மணிக்குள் முடித்துவிடுவது உத்தமம். அலை முகட்டில் ஆங்காங்கே வெள்ளை நுரை தெரிந்தால் சிறிய துடுப்புப் படகுக்கு நேரம் முடிந்துவிட்டது. அலையைப் பக்கவாட்டில் வாங்காமல் முனையைச் சற்றுச் சாய்த்துக் குத்திப் போங்கள். திரும்ப வேண்டுமானால் இரண்டு பெரிய அலைகளுக்கு இடைப்பட்ட அமைதியில், ஒரே மூச்சில் திருப்பிவிட வேண்டும்.

காற்றும், வெள்ளமும், ஆடிப்பெருக்குக் கூட்டமும் ஒரே மாதத்தில் வருகின்றன. ஆடி பதினெட்டு அன்று காவிரிக் கரை கும்பிடுபவர்களுக்கும் குளிப்பவர்களுக்கும் உரியது. படகைக் கொண்டுபோய் நடுவே விடாதீர்கள்.

வறண்ட மாதங்களில் கவலை வேறு. மட்டம் நன்றாக இறங்கும்போது பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே வரும். வெளியே வந்ததைப் பார்த்து ஒதுங்கிவிடலாம். தண்ணீருக்கு அரை அடி கீழே நிற்கும் சுவரும் மரக்கட்டையும்தான் இன்ஜின் விசிறியை உடைக்கும். கரையை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, முனையில் ஒருவர் கழியோடு ஆழம் பார்க்க வேண்டும்.

மிதக்கும் காலி பாட்டிலும் தெர்மாகோல் துண்டும் குப்பை என்று நினைத்து நடுவே படகை விடுவது மன்னிக்க முடியாத தவறு. இரண்டு மிதவைகளுக்கு இடையே மீனவரின் வலை கிடக்கும். அது கிழிந்தால் ஒரு குடும்பத்தின் வாரக் கூலி போகும், உங்கள் விசிறியும் சிக்கும். மிதவை வரிசையின் முனைவரை சுற்றிப் போங்கள்.

லைஃப் ஜாக்கெட்டைப் பேருக்குப் போடுவது

இந்த மிதவைச் சட்டையின் உள்பக்கச் சீட்டில் 50, 100, 150 என்று நியூட்டன் கணக்கில் ஒரு எண் இருக்கும். 50 என்றால் சுமார் ஐந்து கிலோ தூக்கும் திறன். நீச்சல் தெரிந்து, நினைவோடு இருப்பவருக்கு அது போதும். மயங்கியவரை முகம் மேலே தெரியும்படி புரட்டிப் போட 100 அல்லது அதற்கு மேல் வேண்டும். நீச்சல் தெரியாதவருக்கு 50 கொடுப்பது தெரியாமல் செய்யும் துரோகம்.

பொருந்துகிறதா என்று பார்க்க, இன்னொருவர் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே இழுக்கட்டும். சட்டை காதுவரை ஏறினால் பட்டைகள் தளர்வு. குழந்தைக்குத் தொடைக்கு இடையே போகும் பட்டை கட்டாயம், இல்லாவிட்டால் தண்ணீரில் விழுந்ததும் சட்டை மேலே நிற்கும், குழந்தை கீழே நழுவும். சேலை கட்டியவர்கள் முந்தானையை இடுப்பில் செருகி, அதன் மேல் சட்டையைப் போட்டு இறுக்க வேண்டும். ஏற்காட்டுக் குளிரில் ஸ்வெட்டரோடு அளவு பார்த்துவிட்டு, வெயில் வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றுவார்கள். அப்போது பட்டையை மறுபடி இறுக்க மறப்பார்கள். சட்டையை மடித்து உட்காரும் பழக்கத்தால் உள்ளே இருக்கும் நுரை நசுங்கி மிதக்கும் திறன் குறையும். வருடம் ஒருமுறை இடுப்பளவுத் தண்ணீரில் போட்டு, காலைத் தூக்கிப் பாருங்கள். வாய் தண்ணீருக்கு மேலே நிற்காவிட்டால் புதிது வாங்குங்கள்.

மலைமேல்

ஏற்காடு ஏரியில் ஓட்டம் கிடையாது. அங்கே மாறுவது வானிலை. சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் இடிமழை சட்டென்று கட்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது விநாடிக்குக் குறைவாக இருந்தால் உடனே கரைக்கு வாருங்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்தே மறுபடி ஏற வேண்டும். மூடுபனி இறங்கினால் படகு இல்லம் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் போகும். கிளம்பும்போதே திரும்பிப் பார்த்து, அதன் திசையில் உயரமான ஒன்றை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

மிதிபடகில் நடு ஏரியில் இடம் மாறி உட்காருவது வழக்கமான தவறு. இன்னொன்று, கரை வந்த பிறகு மிதிப்பதை நிறுத்துவது. அதற்குப் பிரேக் இல்லை. நான்கைந்து படகு நீளம் முன்னாலேயே நிறுத்தி, தேவைப்பட்டால் பின்னோக்கி மிதிக்க வேண்டும். துடுப்புப் படகில் தண்ணீரை ஆழமாகத் தோண்டுவார்கள். தட்டு மட்டும் மூழ்கினால் போதும். கைக்கு முன்னால் முதுகும் காலும் தள்ள வேண்டும். கோடை விழாப் படகுப் போட்டிக்குப் பழகுபவர்கள் கிளம்பும்போது முதல் நான்கைந்து துடுப்பைக் குட்டையாகவும் வேகமாகவும் போட்டுப் பழகட்டும், நீண்ட இழுப்பு அப்புறம்.

காற்றடைத்த படகை மலைக்குக் கொண்டுபோய் எஸ்டேட் குளத்தில் அனுமதியோடு விடுபவர்கள், சேலத்திலேயே முழுக்க ஊதிக் கட்டிக்கொண்டு ஏறக் கூடாது. ஏற்காடு கடல்மட்டத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் மேலே இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்கும் கீழே. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் வெளிக்காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய இரண்டு பவுண்டு குறைந்துவிடும். 3 பவுண்டு தாங்கும் படகுக்கு அது பெரிய சுமை. மலைக்குளிர் கொஞ்சம் ஈடுகட்டும், மதிய வெயில் அதையும் பறித்துவிடும், ஒட்டுத் தையல் பிரியும். மேலே போய் ஊதுங்கள். மலையில் ஊதியதைக் கீழே கொண்டுவந்தால் தொளதொளவென்று இருக்கும், மறுபடி ஊத வேண்டும்.

இன்ஜின்

இன்ஜினின் பின்னால் பீச்சும் மெல்லிய நீர்த்தாரையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அது நின்றால் குளிர்நீர் உள்ளே போகவில்லை. ஆகாயத்தாமரை வேரோ பிளாஸ்டிக் பையோ அடைத்திருக்கும். அணைத்து, சாவியை எடுத்து, தூக்கிவைத்த பிறகே கையை விடுங்கள். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் 50:1 கலவை என்றால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில், கண்ணளவில் ஊற்றாதீர்கள். பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கைவசம். இழுத்தால் இன்ஜினை அணைக்கும் கயிறு ஓட்டுபவர் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். பலர் அதை இன்ஜினிலேயே சுற்றித் தொங்கவிடுகிறார்கள்.

விழுந்த பிறகு

ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க முயல்வதுதான் பெரிய தவறு. கால் பாறை இடுக்கில் மாட்டினால் தண்ணீர் உடம்பைக் குப்புறத் தள்ளும், இடுப்பளவு ஆழத்திலேயே உயிர் போகும். மல்லாந்து படுத்து, கால்களை ஓட்டம் போகும் பக்கம் நீட்டி, விரல்களை மேலே தெரியவிட்டுச் சாய்வாகக் கரைப்பக்கம் நகருங்கள். கவிழ்ந்த படகைப் பிடிப்பதானால் மேல்நீர்ப் பக்கமாகப் பிடியுங்கள், கீழ்ப்பக்கம் நின்றால் படகு உங்களைப் பாறையோடு நசுக்கும். நிமிர்ந்து மிதக்கும் பரிசலின் விளிம்பில் தொற்றி ஏற முயன்றால் உள்ளே இருப்பவர்களும் தண்ணீரில். பிடித்துக்கொண்டே கரைவரை வாருங்கள். கரையில் இருப்பவர் குதிக்காமல் கழி நீட்டலாம், கயிறு வீசலாம். மிதக்கும் கயிறு பதினைந்து, இருபது மீட்டர் ஒரு பையில் எப்போதும் இருக்க வேண்டும். மது அருந்தியவர் கயிற்றைப் பிடிக்கவும் தடுமாறுவார். பூலாம்பட்டி மீன் வறுவலும் மற்றதும் கரையேறிய பிறகு.

வீட்டுக்குப் போனதும் ஜாக்கெட்டை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிடுங்கள். பரிசலை நிழலில் கவிழ்த்து, அடியில் இரண்டு செங்கல் கொடுத்து வையுங்கள். மண்ணில் நேராகக் கிடந்தால் விளிம்பு மூங்கிலைக் கரையான் அரித்துவிடும்.