மரப்பேனின் முதுகைப் படிப்பது எப்படி

ஒரு கல்லைப் புரட்டுங்கள். புரட்டியதும் பிராணியைத் தேடாமல் கல்லின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் கையில் ஒட்டுகிறதா, வெறும் குளிர்ச்சிதானா, காய்ந்து கிடக்கிறதா? அதைக் குறித்துக்கொண்டு அப்புறம் மரப்பேனைப் பாருங்கள். அதற்குள் ஓடிவிடுமே என்று பதற வேண்டாம். ஓடியது, ஓடாமல் அப்பிக்கொண்டது, உருண்டுகொண்டது எல்லாமே குறிப்புதான். இவற்றை வரையத் தொடங்கிய காலத்தில் நான் முதுகை மட்டும் வரைந்தேன். ஒரு நோட்டு நிறைய அழகான படங்கள். எது எங்கே கிடைத்தது என்று கேட்டால் இன்றும் விழிப்பேன்.

பெயரை நம்பாதீர்கள். மரப்பேன் பேனும் அல்ல, பூச்சியும் அல்ல. இறால், நண்டு வகையறா. தரையில் வாழ வந்த ஓட்டுடலி. பூச்சிகளின் தோலில் நீரைத் தடுத்து நிறுத்தும் மெழுகுப் பூச்சு உண்டு. மரப்பேனுக்கு அந்த அளவுக்குப் பாதுகாப்பு இல்லாததால் உடம்பின் ஈரம் சீக்கிரம் போய்விடும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு கண்ணாடிப் புட்டியில் உலர்ந்த தாளை விரித்து எட்டு மரப்பேன்களை இரவு முழுக்க வைத்திருந்தேன். காலையில் எட்டும் சருகு. அதிலிருந்து பிடித்துவைக்கும் டப்பாவில் நனைத்துப் பிழிந்த பஞ்சு ஒன்று கட்டாயம் இருக்கும்.

தேவையானவை கொஞ்சம்தான்: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மெல்லிய தூரிகை, வெள்ளை மூடி ஒன்று, உறிஞ்சுதாள். தூரிகையால் தள்ளி மூடியில் ஏற்றுங்கள், விரலால் எடுக்காதீர்கள். போர்செல்லியோனைடிஸ் புருயினோசஸ் என்ற இனத்தின் முதுகில் சாம்பல் நீலப் பொடி படர்ந்திருக்கும். மக்குக் குவியலில் ஏராளமாகக் கிடைக்கும் இது விரல் பட்டாலே பொடி உதிர்ந்து செம்பழுப்பாகிவிடும். பிறகு பார்ப்பவர் வேறு இனம் என்று எழுதிவிடுவார்.

அடுத்து, உறிஞ்சுதாளில் ஒரு நிமிடம் நடக்க விடுங்கள். நனைந்திருந்தால் சொரசொரப்பான முதுகும் பளபளக்கும். நான் அதிகம் ஏமாந்தது இதில்தான். விளக்கு தலைக்கு மேல் வேண்டாம். பக்கவாட்டில், தாழ்வாக வையுங்கள். அப்போது ஒவ்வொரு மருவுக்கும் ஒரு நிழல் விழும்.

இனி முதுகு. மருமருவாக, மங்கலாக இருந்தால் போர்செல்லியோ ஸ்கேபர் போன்ற ஒன்று. மரப்பட்டை இடுக்கிலும் சுவர் ஓரத்திலும் ஓரளவு வறட்சியைத் தாங்கும். வழவழப்பாக, மினுமினுப்பாக, விளிம்பில் வெளிறிய புள்ளிகளோடு இருந்தால் ஓனிஸ்கஸ் அசெல்லஸ். ஊறி உளுத்த மரத்தை விட்டு அதிகம் நகராது. சந்தேகம் வந்தால் உணர்கொம்பின் நுனிப்பகுதியை எண்ணுங்கள்: முன்னதற்கு 2 கணு, பின்னதற்கு 3.

இப்போது தூரிகையால் மல்லாத்துங்கள். வால் பக்கத்தில் வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றனவா? போர்செல்லியோவில் 2 ஜோடி தெரியும். அவை காற்றைச் சுவாசிக்கும் நுரையீரல்கள். ஓனிஸ்கஸில் அந்த வெள்ளை இருக்காது. முதுகும் வயிறும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். வீட்டுச் சுவரில் பார்த்ததையும் மரத்தடியில் பார்த்ததையும் பிரித்துக்காட்டுவது பெரும்பாலும் இந்தத் திட்டுதான்.

ஷ்மால்ஃபுஸ் என்ற ஆய்வாளர் 1984இல் மரப்பேன்களை உடலமைப்பையும் நடத்தையையும் வைத்து வகை பிரித்தார். எனக்கு மிகவும் உதவிய பட்டியல் அது. நீண்ட கால், ஒடுங்கிய வழவழப்பான உடம்பு என்றால் ஓடுபவை. புல்லடியில் வாழும் பிலோசியா அப்படி. அகன்று தட்டையாக இருப்பவை ஒட்டிக்கொள்பவை. தொட்டால் ஓரத்தைத் தரையோடு அழுத்திக்கொள்ளும். குவிந்த முதுகுள்ளவை உருள்பவை: ஆர்மடிலிடியம் வல்கேர் பட்டாணி போலாகிவிடும், காய்ந்த திறந்த வெளியிலும் நடமாடும். நெடுக வரி வரியாக மேடுள்ள சின்னஞ்சிறு மரப்பேன்கள் மண் இடுக்கில் ஊர்பவை. ஈர மண் முதுகில் ஒட்டாமலிருக்க அந்த மேடுகள் உதவுகின்றன என்பது அவர் விளக்கம். எறும்புப் புற்றில் குடியிருக்கும் பிளாட்டியார்த்ரஸ் வெள்ளை நிறம், கண் கிடையாது, முதுகில் அதே வரிகள். முள்ளுடையவை என்று இன்னொரு வகையும் உண்டு; அதை நான் நேரில் பார்த்ததில்லை.

ஒருநாள் பாதி வெளிறிய, பாதி கருத்த ஒன்று கிடைத்தது. புது இனம் கண்டுவிட்டேன் என்று குதித்து, முழுப்பக்கப் படமும் போட்டேன். உண்மையில் அது சட்டை உரித்துக்கொண்டிருந்தது. மரப்பேன் பின்பாதியை முதலில் உரிக்கும், ஓரிரு நாள் கழித்துத்தான் முன்பாதி. உரிக்கப்போவதை முன்கூட்டியே அறிய வயிற்றின் முன்பகுதியைப் பாருங்கள்: பின்பாதி ஓட்டிலிருந்து இழுத்துச் சேமித்த சுண்ணாம்பு அங்கே வெள்ளைத் தகடுகளாகத் தெரியும். நுரையீரல் திட்டு வால் பக்கம், சுண்ணாம்புத் தகடு முன்பக்கம். குழப்பிக்கொள்ளாதீர்கள். உரித்த சட்டையைப் பெரும்பாலும் அதுவே தின்றுவிடும். அதனால் சட்டையைச் சேகரிக்க நினைப்பவர் முந்திக்கொள்ள வேண்டும்.

பளிச்சென்ற நீலமாகவோ ஊதாவாகவோ ஒன்று கிடைத்தால் பெரும்பாலும் இரிடோவைரஸ் தொற்று. வண்ணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், இனமாகக் கணக்கிட வேண்டாம்.

காலையும் எண்ணிவிடுங்கள். வளர்ந்ததற்கு 7 ஜோடி, புதிதாகப் பிறந்த குட்டிக்கு 6. உருளும் மரவட்டை ஒன்று இருக்கிறது, பார்வைக்கு இதே உருண்டைதான். கால் நிறைய இருந்தால் அதுதான்.

வரைந்து முடித்ததும் முதலில் கல்லை அதே பள்ளத்தில் மெல்ல இறக்குங்கள். பிறகு மரப்பேனைக் கல்லின் ஓரத்தில் விடுங்கள், தானாக அடியில் நுழைந்துகொள்ளும். வரிசையை மாற்றினால் நசுங்கிவிடும்.