மூச்சடக்கி நடத்தல்: ஃப்ரீடைவிங் பழகுவோருக்கான கரைப் பயிற்சி

ஃப்ரீடைவிங், அதாவது காற்றுக் கலன் இல்லாமல் ஒரே மூச்சை அடக்கி நீருக்குள் ஆழமாக மூழ்குவது, பழகுகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கடலோ ஆழமான நீச்சல் குளமோ வாரம் ஒருமுறை வாய்த்தாலே பெரிது. இடைப்பட்ட நாள்களில் பழக்கம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளக் கரையிலேயே செய்யும் பயிற்சிகளில் மூச்சடக்கி நடப்பதும் ஒன்று. இதற்குச் செலவு கிடையாது. ஒரு புல்தரை, ஒரு கடிகாரம், கூட ஓர் ஆள் இருந்தால் போதும். இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அசையாமல் உட்கார்ந்திருக்கும் உடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவிடுகிறது. மெதுவாக நடந்தாலே அந்தச் செலவு இரண்டு மூன்று மடங்காகும். கரியமில வாயுவும் அதற்கேற்ற வேகத்தில் சேரும். மூச்சு விட்டே ஆகவேண்டும் என்ற தவிப்பை முதலில் எழுப்புவது ஆக்சிஜன் குறைவதன்று, கரியமில வாயு ஏறுவதுதான். ஆகவே உட்கார்ந்த நிலையில் சாவகாசமாக வரும் தவிப்பு, நடக்கும்போது வெகு சீக்கிரம் வந்துவிடும். கூடவே தொடையும் கெண்டைக்காலும் கனக்கத் தொடங்கும். மூச்சை அடக்கியிருக்கையில் உடல் கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து மூளைக்கும் இதயத்துக்கும் மிச்சம் பிடிக்கிறது. அந்நிலையிலும் வேலை செய்யும் தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. துடுப்புக் காலணியோடு ஆழத்திலிருந்து மேலே ஏறிவருபவரின் கால்களும் இப்படித்தான் கனக்கின்றன. இந்தக் கனத்தையும் தவிப்பையும் ஒருசேர எதிர்கொண்டு, அப்போதும் தோளும் தாடையும் இறுகாமல் இருக்கப் பழகுவதே இந்த நடையின் நோக்கம். எத்தனை மீட்டர் நடந்தோம் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம்.

துணையாளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடாவில் கல் கட்டிய கயிற்றோடு முத்துக்குளிக்க இறங்கியவர்கள், படகில் கயிறு பிடிக்க ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் இறங்கினார்கள். அந்த ஆள் மச்சானாக இருந்தால், உடன்பிறந்தவளின் தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்று நம் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். தரையில் நடப்பவருக்குக் கயிறு தேவையில்லை என்றாலும் மச்சான் தேவை. அவர் உங்களுக்கு அரையடி பின்னால், ஒரு பக்கமாக, கையை உங்கள் முதுகுக்கு அருகில் வைத்தபடி நடக்கவேண்டும். உங்கள் உதட்டின் நிறத்தையும் கால் வைக்கும் விதத்தையும் பார்ப்பதும் அடிகளை எண்ணுவதும் அவர் வேலை. அந்த நேரத்தில் அவர் தாமும் மூச்சை அடக்கிப் பார்க்கக்கூடாது. கைப்பேசியில் படம் எடுக்கவும் கூடாது. தனியாக இருக்கும் நாளில் இந்தப் பயிற்சி வேண்டாம்.

இடம் சமதளமாக, மென்மையாக இருக்கவேண்டும். பள்ளி மைதானத்தின் புல்தரை, ஈரத்தில் இறுகிய கடற்கரை மணல் ஆகியவை ஏற்றவை. தார்ச்சாலை, மொட்டை மாடி, படிக்கட்டு, கிணற்றடி, குளத்தின் கரை எதுவும் ஆகாது. டிரெட்மில் அறவே கூடாது. நீங்கள் விழுந்த பிறகும் அது ஓடிக்கொண்டே இருக்கும். பத்து மீட்டருக்கு ஒரு தண்ணீர் பாட்டிலோ செருப்போ வைத்து அடையாளம் செய்துகொள்ளலாம். வெயில் ஏறுவதற்கு முன், சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரமாவது கழித்துச் செய்வது நல்லது. இதய நோய், உயர் ரத்த அழுத்தம், வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. கருவுற்றிருப்பவர்களும், காய்ச்சலோ சளியோ பிடித்திருப்பவர்களும் இதைத் தள்ளிவைப்பதே சரி.

மூச்சை அடக்குவதற்கு முந்தைய இரண்டு நிமிடங்கள்தான் பயிற்சியின் தரத்தையும் பாதுகாப்பையும் தீர்மானிக்கின்றன. வயிறு மெல்ல எழுந்து அடங்கும்படி, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கும்படி, சாதாரணமாக மூச்சு விட்டால் போதும். நம்மில் யோகாசனம் பழகியவர்கள் இந்த இடத்தில் தவறு செய்கிறார்கள். தம் நீளும் என்று எண்ணிக் கபாலபாதியோ வேகமான வேறு மூச்சோ செய்துவிட்டு அடக்குகிறார்கள். தமும் நீளத்தான் செய்யும். ஆனால் அது ஆக்சிஜன் கூடியதால் அன்று. இயல்பாக மூச்சு விடும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறக்குறைய முழு அளவில் இருக்கிறது. வேகமான மூச்சு செய்வதெல்லாம் கரியமில வாயுவை வெளியே தள்ளி, எச்சரிக்கை மணியின் நாக்கைக் கழற்றிவிடுவதுதான். தவிப்பு வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்துபோய் நினைவு தப்பலாம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொடக்க நாள்களில் ஒருமுறை, மொட்டை மாடியில் தனியாக, இருபது முப்பது பலத்த மூச்சு இழுத்துவிட்டு நடந்தேன். அன்று தவிப்பே இல்லை. என்னவோ சாதித்துவிட்டதாக ஒரு மகிழ்ச்சிகூட இருந்தது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததும், முழங்காலிலிருந்து வழிந்த ரத்தம் கணுக்காலுக்கு வந்திருந்ததும்தான். எப்படி உட்கார்ந்தேன் என்பது இன்றுவரை தெரியாது. விரல் நுனியிலோ உதட்டைச் சுற்றியோ எறும்பு ஊர்வதுபோல் இருந்தாலும், தலை லேசானதுபோல் தோன்றினாலும் மூச்சு அளவுக்கு மீறிவிட்டது என்று பொருள். அந்தச் சுற்றைக் கைவிட்டு மூன்று நான்கு நிமிடம் சும்மா இருக்கவேண்டும்.

இனி நடை. உட்கார்ந்து தயாரானவர் தம் கட்டியபடியே சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும் என்பதால், கடைசிச் சில மூச்சுகளை நின்றுகொண்டே விடவேண்டும். பிறகு முதலில் வயிறும் அடுத்து நெஞ்சும் நிறையும்படி, தோளை உயர்த்தாமல், ஒரு முழு மூச்சு இழுக்கவேண்டும்; தொண்டைவரை திணிக்கவேண்டாம். மூச்சை அடக்கியதும் உடனே நடக்காமல் நின்ற இடத்திலேயே இருபது விநாடி இருக்கவும். பழகப் பழக இதை முப்பதாகவும் நாற்பத்தைந்தாகவும் உயர்த்தலாம். நாடி தணிவதற்கான அவகாசம் இது. பிறகு விநாடிக்கு ஓர் அடி வீதம், கோயில் பிராகாரத்தைச் சுற்றுகிறவர்போல் நடக்கத் தொடங்கலாம். கைகள் தொங்கட்டும், பார்வை பத்தடிக்கு அப்பால் தரையில் இருக்கட்டும், நாக்கு மேலண்ணத்தில் அழுந்தாமல் இருக்கட்டும்.

தவிப்பு ஒரே மூச்சாக வந்துவிடாது. முதலில் தொண்டையில் எச்சில் விழுங்கவேண்டும்போல் இருக்கும். அடுத்து நெஞ்சில் ஒரு வெதுவெதுப்பு பரவும். அதன்பின் விலா எலும்புகளுக்குக் கீழே, விக்கலைப்போல, வயிறு ஒருமுறை உள்ளே வெட்டி இழுக்கும். அதுதான் உதரவிதானத்தின் முதல் துடிப்பு. அது வந்த கணத்தில் விரலை மடக்கித் துணையாளுக்குச் சைகை காட்டுங்கள். அது எத்தனையாவது அடி என்று அவர் மனத்தில் குறித்துக்கொள்வார். முதல் இரண்டு வாரமும் அந்தத் துடிப்புக்குப் பின் பத்துக் காலடிக்கு மேல் போகவேண்டாம். துடிப்பை எதிர்த்து வயிற்றை இறுக்கினால் ஆக்சிஜன்தான் வீணாகும். அது வந்து போகட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த அடியை வைப்பதுதான் இங்கே கற்கவேண்டிய வித்தை. எனக்கு அது கைவர இரண்டு மாதமாயிற்று.

நிறுத்தும் இடத்தில் மூச்சைப் புஸ்ஸென்று முழுவதும் வெளியே தள்ளக்கூடாது. கொஞ்சம் காற்றை விட்டு, உடனே வாயால் ஆழமாக இழுத்து, ஒரு விநாடி பிடித்து, மறுபடி கொஞ்சம் விட்டு இழுக்கவேண்டும். இப்படி ஐந்தாறு முறை. நுரையீரலில் இழுத்த ஆக்சிஜன் மூளைக்குப் போய்ச்சேரச் சில விநாடிகள் பிடிக்கும் என்பதால், மூச்சு விட்ட பிறகும் மயக்கம் வரலாம். துணையாள் குறைந்தது அரை நிமிடம் பக்கத்திலேயே நின்று, 'சரியா?' என்று கேட்டுத் தெளிவான பதிலை வாங்கவேண்டும். போட்டிகளிலும் தலை வெளியே வந்த 15 விநாடிக்குள் சைகையும் சொல்லும் சரியாகக் காட்டினால்தான் முயற்சி செல்லும்.

கண்ணின் ஓரம் இருண்டு பார்வை குறுகுவது, ஓசை எங்கோ தொலைவில் கேட்பது, காலடி தடுமாறுவது, உதடு நீலம் பாய்வது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. விழுந்துவிட்டால் தலை தரையில் மோதாமல் பிடித்து மல்லாக்கக் கிடத்தி, தாடையை உயர்த்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கன்னத்தில் தட்டவேண்டும். பெரும்பாலும் சில விநாடிகளில் மூச்சும் நினைவும் திரும்பிவிடும். திரும்பவில்லையென்றால் செயற்கை மூச்சு கொடுக்கத் தொடங்கி, 108-ஐ அழைக்கச் செய்யவேண்டும். துணையாளுக்கு இது தெரிந்திருப்பது அவசியம்.

பயிற்சியை இரண்டு விதமாக அமைக்கலாம். முதல் வகையில் தொலைவு மாறாது. ஓய்வு குறைந்துகொண்டே வரும். உங்களால் சிரமமின்றி 50 மீட்டர் நடக்க முடியுமானால் 25 அல்லது 30 மீட்டரை வைத்துக்கொண்டு, முதல் ஓய்வு 2 நிமிடம், அடுத்தது 1:45, பிறகு 1:30 என்று 45 விநாடி வரை இறக்கலாம். இது கரியமில வாயுவைத் தாங்கப் பழக்கும். மற்ற வகையில் ஓய்வு மூன்று நிமிடமாகவே இருக்க, தொலைவு சுற்றுக்கு ஐந்து மீட்டர் வீதம் கூடும். அதிலும் உச்ச அளவின் எண்பது விழுக்காட்டில் நிறுத்திக்கொள்ளவேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கலக்கவேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு ஆறு முதல் எட்டுச் சுற்று போதுமானது. கடலுக்குப் போகும் நாளில் ஒன்றுமே வேண்டாம். முதல் இரண்டு சுற்றுகள் கடினமாகவும் மூன்றாவது எளிதாகவும் இருப்பதைக் கண்டு வியக்கவேண்டியதில்லை. அடுத்தடுத்து மூச்சை அடக்கும்போது மண்ணீரல் சுருங்கித் தன்னிடமுள்ள சிவப்பணுக்களை ரத்தத்தில் கலந்துவிடுகிறது. முதல் சுற்றுகளை மனம் பதறாமல் கடந்துவிட்டால் போதும்.

கொரோனாக் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. அதை விரலில் மாட்டிக்கொண்டு நடந்தால் என்ன என்ற ஆசை எல்லோருக்கும் வரும். விரலுக்குப் போகும் ரத்தம் குறைந்திருக்கும் நேரத்தில் அது காட்டும் எண் பின்தங்கியே வரும். நீங்கள் மூச்சு விட்டுவிட்டு நிற்கும்போதுதான் எண் கடகடவென இறங்கும். எண்ணைப் பார்த்து இன்னும் பத்தடி போகலாம் என்று முடிவெடுப்பது ஆபத்து.

நடந்த மீட்டரை ஆழத்தின் மீட்டராக மாற்றிக் கணக்குப் போடவும் முடியாது. முகத்தில் குளிர்ந்த நீர் படும்போது இதயத் துடிப்பு இறங்குவது போன்ற உதவி தரையில் பெரிதாகக் கிடைப்பதில்லை; ஆகவே நடை சில வகையில் கடலைவிடக் கடினமானது. மறுபுறம், பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காவதும், மேலே ஏறும் கடைசி மீட்டர்களில் அந்த அழுத்தம் விலகி நுரையீரலில் ஆக்சிஜனின் அழுத்தமும் சரிந்து மயக்கம் தருவதும் தரையில் இல்லை. காதில் அழுத்தத்தைச் சமன்செய்வதையும் இந்த நடை கற்றுத்தராது. அதனால் ஒரு நோட்டில் தேதி, காத்திருந்த விநாடி, முதல் துடிப்பு வந்த அடி, நிறுத்திய அடி ஆகிய நான்கை மட்டும் எழுதிவந்தால் போதும். ஆறு வாரம் கழித்துப் புரட்டிப் பார்க்கையில் நிறுத்திய அடி அதிகம் மாறாமலிருந்து, முதல் துடிப்பு மட்டும் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிப்போயிருந்தால், பயிற்சி சரியாகவே நடக்கிறது.