மாமா தங்க வைத்தாரா, சகித்துக்கொண்டாரா?

மதுரைப் புதுமண்டபத்துக்குள் கடைகள் இருந்த காலத்தில், தையல் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே புத்தகக் கடைகளும் இருந்தன. ஒல்லியான ஆங்கிலக் கையேடுகள் அங்கே மலிவாகக் கிடைக்கும்: இடப்பக்கம் ‘ஃப்ரேசல் வெர்ப்’ எனப்படும் வினைத்தொடரோ மரபுத்தொடரோ, வலப்பக்கம் ஒற்றை வரியில் தமிழ்ப் பொருள். கடைகள் மண்டபத்தை விட்டு வெளியேறிவிட்டன. 2023 இல் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் வந்துவிட்டது. ஆனால் மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி., வங்கித் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் இன்றும் அதே இரண்டு பத்திப் பட்டியலைத்தான் செல்பேசித் திரையில் உருப்போடுகிறார்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அது போதும். வாயைத் திறந்து பேசும்போதுதான் காலை வாரிவிடும்.

‘புட் அப்’ என்ற தொடரைப் பாருங்கள். ‘மை அங்கிள் புட் மீ அப் ஃபார் டூ டேஸ்’ என்றால் மாமா இரண்டு நாள் தன் வீட்டில் தங்க இடம் கொடுத்தார். ‘மை அங்கிள் புட் அப் வித் மீ ஃபார் டூ டேஸ்’ என்றால் அந்த மனிதர் இரண்டு நாள் என்னைச் சகித்துக்கொண்டார். நடுவில் ஒரு ‘வித்’ நுழைந்ததும் விருந்தாளி தொல்லையாகிவிட்டான். ‘மேக் அவுட்’ கதையும் இதுதான். கையெழுத்து புரியவில்லை என்று சொல்ல அது நல்ல தொடர். அதன் பின்னால் ‘வித்’ போட்டு ஒருவர் பெயரையும் சேர்த்தால், அமெரிக்கர் காதில் அது முத்தமிட்டுக் கொஞ்சுவதாக விழும். அலுவலகக் கூட்டத்தில் சொல்லிவிட்டுப் பிறகு விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே முதலில் தவிர்க்க வேண்டியது, தொடரின் வாலை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் மனப்பாடம் செய்வது.

வால் தேவைப்படாத இடத்தில் ஒட்டவைப்பது இதற்கு நேர் எதிரான தவறு. நாம் ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்கிறோம்; அந்தப் ‘பற்றி’ ஆங்கிலத்துக்குள்ளும் நுழைந்து ‘டிஸ்கஸ் அபௌட்’ ஆகிறது. ‘டிஸ்கஸ்’ தனியாகவே நிற்கும். ‘கோப் அப் வித்’ என்று எழுதுகிறவர்கள் ‘கீப் அப் வித்’ என்ற வேறு தொடரின் ‘அப்’பைக் கடன் வாங்கிவிட்டார்கள், சமாளிப்பதற்கு ‘கோப் வித்’ என்பதே சரி. ‘ரிட்டர்ன் பேக்’ என்பதில் ‘பேக்’ வீண்.

வினையையே விழுங்கிவிடுவதும் உண்டு. தமிழில் ‘ஃபேனை ஆஃப் செய்’ என்கிறோம். வேலையைச் ‘செய்’ பார்த்துக்கொள்கிறது. அதே நினைப்பில் ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘செய்’ கழன்றுவிட, ‘ஆஃப் த ஃபேன்’ என்ற வினையில்லாத வாக்கியம் மிஞ்சுகிறது. ‘டர்ன் ஆஃப்’ அல்லது ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று சொல்ல வேண்டும்.

இந்தக் குட்டிச் சொற்களைக் கண்டு மிரளத் தேவையில்லை. தமிழ்த் துணைவினைகளும் இப்படித்தான். ‘சொல்லித் தொலை’ என்பதில் எதுவும் தொலைவதில்லை. ‘செய்து பார்’ என்பதில் கண்ணுக்கு வேலை இல்லை. ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’ என்பவற்றில் வரும் ‘அப்’ மேலே எங்கும் ஏறுவதில்லை. ‘தின்று தீர்த்தான்’ என்பதில் ‘தீர்’ செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழ் கற்கும் வெள்ளைக்காரர் ‘தொலை’யில் மாட்டுவார், நாம் ‘அப்’பில் மாட்டுவோம்.

‘கால் ஆஃப்’ என்பதையும் ‘புட் ஆஃப்’ என்பதையும் குழப்புவது பணம் விரயமாகும் தவறு. முன்னது ரத்து, பின்னது ஒத்திவைப்பு. நேர்முகத் தேர்வு ‘புட் ஆஃப்’ என்று வந்த தகவலைத் தவறாகப் படித்து ரயில் டிக்கெட்டை மட்டுமல்ல, வாய்ப்பையும் கைவிடக் கூடாது. அதேபோல், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் மனு எழுதுகிறவர் ‘லுக் இன்டு’ என்று எழுத வேண்டும், அது விசாரிப்பது. ‘லுக் ஆஃப்டர்’ என்று எழுதினால் உங்கள் சிக்கலைப் பிள்ளைபோல் பராமரிக்கச் சொல்கிறீர்கள்.

‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2022’ என்பது நம் ஊரில் கல்லூரிப் படிப்பை முடித்ததற்கான வாக்கியம். பிரிட்டனில் ராணுவப் பயிற்சி முடிப்பவர்களுக்கு அந்தச் சொல் உண்டு. மற்றபடி வெளிநாட்டவருக்கு அது மயங்கி விழுவது. இலந்தைக்குளம் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை பார்த்துக்கொண்டு அமெரிக்க வாடிக்கையாளரிடம் பேசுகிறவர் ‘கிராஜுவேட்டட்’ என்று சொல்லிவிடுவது நல்லது. உள்ளூரில் சொல்வதைத் தவறு என்று திருத்த நான் வரமாட்டேன். இந்திய ஆங்கிலத்துக்கும் தனி வழக்கு உண்டு. முன்கூட்டியே நடத்துவதைச் சொல்லும் நம் ‘பிரிபோன்’ ஆக்ஸ்போர்டு அகராதிக்குள்ளேயே போய்விட்டது. மாட்டுத்தாவணியில் பஸ்ஸிலிருந்து ‘கெட் டவுன்’ ஆகிறவருக்கும் இதே சலுகை. வெளியே வழக்கம் என்னவென்றால், எழுந்து நின்று நடக்க இடமுள்ள பஸ், ரயிலுக்கு ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. குனிந்து நுழைகிற கார், ஆட்டோவுக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’.

மரபுத்தொடர்களில் சிக்கல் வேறு. அங்கே பொருளைவிடத் தொனிதான் முக்கியம். ‘கிக் த பக்கெட்’ என்பதற்கு எதிரே பட்டியல் ‘இறந்துபோதல்’ என்கிறது. அதன் உண்மையான தமிழ் ‘மண்டையைப் போடுதல்’. இழவு வீட்டுக்கு அனுப்பும் அனுதாபச் செய்தியில் அதை எழுதுவீர்களா? ‘பாஸ்ட் அவே’ என்று எழுதுங்கள்.

பழமொழிக்குப் பழமொழி ஜோடி சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். ‘வைட் எலிஃபன்ட்’ என்பதற்கு ‘யானையைக் கட்டித் தீனி போடுவது’ அழகாகப் பொருந்தும். இரண்டிலுமே வரவைவிடச் செலவு பெரிது. ஆனால் ‘எலிஃபன்ட் இன் த ரூம்’ என்பதற்கு ‘முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது’ என்று எழுதிவிடுகிறார்கள். பூசணிக்காயை ஒருவர் துணிந்து மறைக்கிறார். அறைக்குள் நிற்கும் யானையை யாரும் மறைப்பதில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள், யாரும் வாய் திறப்பதில்லை. சொத்துப் பங்கீடு பற்றிப் பேச்செடுக்காமலே முடிந்துபோகும் குடும்ப விசேஷங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த யானையைத் தெரியும்.

பூனையும் நாயுமாக மழை கொட்டும் தொடரை நம் பள்ளிக்கூடங்கள் இன்னும் ஆசையாகக் கற்பிக்கின்றன. ஆங்கிலேயர்களே இன்று அதைப் பேச்சில் அதிகம் பயன்படுத்துவதில்லை. புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும். என் கணக்கில், பகட்டான மரபுத்தொடர் பத்தைவிட ‘ரன் அவுட் ஆஃப்’ (தீர்ந்துபோவது), ‘டர்ன் டவுன்’ (மறுப்பது), ‘ஃபைண்ட் அவுட்’ (கண்டறிவது) போன்ற அன்றாடத் தொடர்கள் மூன்று மேல். கட்டுரையில் மரபுத்தொடர்களை வாரி இறைப்பவர்கள் அந்த மூன்றில்தான் தடுமாறுகிறார்கள்.

சொல் வரிசையில் ஒரு கடைசிக் கண்ணி இருக்கிறது. ‘புட் ஆஃப் த மீட்டிங்’, ‘புட் த மீட்டிங் ஆஃப்’ இரண்டும் சரி. ‘மீட்டிங்’ இருந்த இடத்தில் ‘இட்’ வந்துவிட்டால் ‘புட் இட் ஆஃப்’ மட்டுமே சரி. ‘புட் ஆஃப் இட்’ கிடையாது. ‘லுக் ஆஃப்டர்’ போன்றவற்றை இப்படிப் பிரிக்கவே முடியாது. ‘லுக் ஆஃப்டர் இட்’ என்றுதான் வரும். எது பிரியும், எது பிரியாது என்பதைப் பட்டியல்கள் சொல்வதில்லை. கற்பவர்களுக்கான நல்ல அகராதி, ‘சம்திங்’ என்பதன் சுருக்கத்தைத் தொடரின் நடுவிலோ கடைசியிலோ வைத்துக் காட்டும். பொருளைப் படிப்பதற்கு முன் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.