ஸ்கெட்ச் கொப்பி வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனில் சனிக்கிழமைகளில் சித்திரம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிற பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பாதி, அந்த வயதில் நானும் செய்தவைதான். பென்சில் சீவுவது, கொப்பியை நனையாமல் வைப்பது எல்லாம் தானாகப் பழகிவிடும். அவற்றை விட்டுவிடுவோம்.

எழுத்தே இல்லாத பக்கங்கள்

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். போன வருடம் ஒரு மாணவி தேயிலைத் தோட்டத்து மடுவத்தில், அதாவது நிறுவைக் கொட்டகையில், கொழுந்து நிறுப்பதை வரைந்தாள். தராசுக் கொக்கியில் தொங்கும் சாக்கு, வரிசையில் நிற்கும் பெண்கள், இடுப்பில் நனைந்து ஒட்டிக்கிடக்கும் படங்கு எல்லாமே ஐந்தாறு கோட்டில் வந்திருந்தன. இந்த வருடம் அதைப் பெரிய ஓவியமாக்க உட்கார்ந்தோம். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது? பகல் நிறுவையா, அந்தி நிறுவையா? படங்கு நீலமா, மஞ்சளா? பக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை.

"ஞாபகம் இருக்கும்னு நெனச்சேன் சேர்" என்றாள்.

சரி, திரும்பப் போய்ப் பார்ப்போம் என்றால் அந்த மடுவத்தையே இடித்துவிட்டார்கள். எங்கள் பக்கம் இப்படித்தான். வரிசை வீடான லயம் போய்த் தனி வீடு வருகிறது, வரட்டும், வரவேண்டியதுதான். ஆனால் அரைகுறையாக வரைந்ததை நிரப்ப அந்தப் பழைய இஸ்தோப்புத் திண்ணை உங்களுக்காகக் காத்திருக்காது.

ஃபோனில் எடுத்து வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். மூட்டத்தில் தேயிலைப் பச்சைக்குள் ஒரு நீலம் தெரியும், பார்த்திருப்பீர்கள். ஃபோன் அதைத் தானாகத் 'திருத்தி' அழித்துவிடும். 1851இல் இறந்த ஆங்கிலேய ஓவியர் டர்னர் ஏறக்குறைய 300 ஸ்கெட்ச் கொப்பிகளை விட்டுப்போனார். பயணத்தில் பென்சிலால் விறுவிறுவென்று வரைந்துவிட்டு, பல பக்கங்களில் நிறத்தின் பெயரைப் படத்தின் மேலேயே எழுதிவைத்தார். வர்ணம் பூசுவதெல்லாம் பெரும்பாலும் பிறகுதான்.

ஆகவே இடம், நேரம், வெளிச்சம் வரும் திசைக்கு ஓர் அம்புக்குறி, முக்கியமான நிறங்கள் ஆகியவற்றை எழுதுங்கள். அப்புறம், அங்கே காதில் விழுந்த ஒரு பேச்சையும். அந்த மடுவத்தில் யாரோ "தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ கழிச்சிட்டாங்க" என்று முணுமுணுத்தது அந்தப் பிள்ளைக்குப் பேச்சுவாக்கில்தான் நினைவுக்கு வந்தது. அதைக் கேட்டதும் தராசு முள்ளையே படத்தின் நடுவில் வைக்கலாம் என்று தோன்றியது. கொப்பியில் இருந்திருந்தால் மூன்று வாரம் மண்டையை உடைத்திருக்க வேண்டாம்.

பாழான பக்கத்தைக் கிழிப்பது

கிழிக்காதீர்கள். நூல் தைத்த கொப்பியில் ஒரு தாள் போனால், தையலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதன் மறுபாதியும் கழன்றுவிடும். அதில்தான் உங்கள் நல்ல படம் இருக்கும்.

போஸ்ட்காட் காட்சிகள்

ஒன்பது வளைவுப் பாலம், டெவன் நீர்வீழ்ச்சி, கூடையோடு சிரிக்கும் பெண். ஆளுக்கு ஒரு தடவை போதும்.

மூட்டத்தில் வாட்டர்கலர்

நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. ஆடி மாத ஈரத்தில் வர்ணம் இலேசில் காயாது. மூடினால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். 2பி பென்சில் போதும்.

விலை கூடிய கொப்பி

பயந்து பயந்து வரைவீர்கள். பள்ளிக்கூடத்துச் சீஆர் கொப்பி வாங்குங்கள், கோடு போட்டிருந்தாலும் பரவாயில்லை.