வெறும் தரையில் தொடங்குங்கள்

கடலோரக் கிராமம் ஒன்றுக்கு நீடித்த வளர்ச்சித் திட்டம் போட நான் கூட்டிய முதல் கூட்டம் காலை 11 மணிக்கு. மீன்பிடிக்கிறவர் ஒருவர்கூட வரவில்லை. அந்த நேரத்தில் படகுகள் கடலில் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வந்திருந்தவர்கள் பகலில் ஓய்வாக இருக்க முடிந்தவர்கள். அவர்கள் சொன்னதை ‘ஊரின் கருத்து’ என்று அறிக்கையில் எழுதியது இன்னும் உறுத்துகிறது.

அதனால் முதல் வேலை, யார் எப்போது வேலையில் இருப்பார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வது. கடல்நீர் ஏறி வற்றும் ஓத நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்; அதைப் பார்த்துப் போகும் படகுகளின் நேரமும் மாறும். போன வாரம் ஒத்துவந்த மணி இந்த வாரம் ஒத்துவராது. விவசாயிகள் என்றால் நடவு, அறுப்பு நாட்களைத் தவிர்த்தால் போதும். பெரிய கூட்டம் ஒன்றைவிட, படகு கரையேறும் இடத்திலும் வயலோரத்திலுமாகச் சின்னக் கூட்டங்கள் நாலைந்து நல்லது.

அச்சடித்த திட்டத்தோடு போகாதீர்கள். பார்த்ததுமே முடிவு எடுத்தாகிவிட்டது என்று புரிந்துகொள்வார்கள். அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் மக்கள் பங்கேற்பை 8 படி ஏணியாக வகுத்தார். கருத்துக் கேட்பது அதில் கீழிருந்து நாலாவது படிதான்.

தரையில் சாக்பீஸால் கரையை மட்டும் கோடாகப் போட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். மிச்சத்தை அவர்கள் வரையட்டும். பெண்களுக்குத் தனியாக ஒரு இடம் கொடுங்கள். நாங்கள் ‘பயனற்ற சேற்று நிலம்’ என்று குறித்து, தடுப்புச்சுவர் கட்ட ஒதுக்கியிருந்த இடத்தில்தான் அவர்கள் நீர் வற்றும்போது சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் வரைந்த படத்திலும் அது இல்லை!

விதிகளையும் அவர்களையே எழுதச் சொல்லுங்கள். துருக்கியின் அலன்யாவில் நல்ல இடத்துக்காக மீனவர்களுக்குள் ஓயாத சண்டை. 1970களில் அவர்களே வலைபோடும் இடங்களைப் பட்டியலிட்டு, செப்டம்பரில் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொண்டார்கள். ஜனவரி வரை தினமும் ஒரு இடம் கிழக்கே நகர்வது, அப்புறம் மேற்கே. நல்ல இடம் எல்லாருக்கும் ஒரு முறை வரும். தன் முறைக்கு உரியவரே காவலும் காப்பதால் தனியாக ஆள் வைக்க வேண்டியதில்லை. இதை அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்திருக்க முடியுமா?

கடைசியாக, எதை ஏற்றோம், எதை விட்டோம், ஏன் என்று ஒரே பக்கத்தில் எழுதி, படகுத் துறையில் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒருமுறை உரக்க வாசியுங்கள். கீழ்ப்பாதியை அவர்கள் திருத்தம் எழுத வெறுமையாக விடுங்கள். பக்கத்தில் ஒரு பேனாவும். அதை மட்டும் கயிற்றால் கட்டிவிடுங்கள். நான் மூன்று பேனா தொலைத்திருக்கிறேன்.